விமான இன்ஜின் ஆன்லைன் வகுப்பு: இன்ஜின் பாடம் ஜோர், நிர்வாகப் பாடம் பேருக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், படிப்பு மெக்கானிக்கல் டிப்ளமோ. விமானப் பராமரிப்பு நிர்வாகத்துக்கு மாறிவிடலாமா என்று நெடுநாளாக ஒரு நப்பாசை. 22,000 ரூபாய் கட்டி இன்ஜின், நிர்வாகம் என்று இரண்டு பாடம் உள்ள ஆறு மாத ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து போன மாதம் முடித்தேன். குறையும் சொல்லப் போவதால் வகுப்பு நடத்துகிறவர்களின் பெயர் வேண்டாம்.

இன்ஜின் பாடத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. சார் இந்தத் தொழிலிலேயே பழுத்தவர். ஃபேன், கம்ப்ரஸர், எரியறை, டர்பைன் என்று படம் காட்டிவிட்டு ஓடுகிற ஆள் இல்லை. ஆயில் சிஸ்டத்துக்கு மட்டும் மூன்று வகுப்பு எடுத்தார். திரும்பி வரும் ஆயிலின் பாதையில் ஒரு காந்தப் பிளக் இருக்கும், அதைக் கழற்றிப் பார்த்தால் மை மாதிரி நைசான தூள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம், செதில் செதிலாக இருந்தால் பேரிங்கோ கியரோ உதிர ஆரம்பித்திருக்கலாம் என்றார். மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் ரோலர் கியர்பாக்ஸ் ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்த்தேன். நல்லவேளை, தூள்தான்.

நான் ஊட்டிப் பக்கம் என்றதும், அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு, அதே இன்ஜினை அங்கே வைத்தால் தள்ளுவிசை ஏன் குறையும் சொல் பார்க்கலாம் என்று மடக்கினார். திருதிருவென்று விழித்தேன்.

சரி, நிர்வாகப் பாடத்துக்கு வருவோம். ஏமாந்தது இங்கேதான். டர்பைன் டிஸ்க் மாதிரி பாகங்களுக்கு ஆயுளைப் பறந்த மணிக்கணக்கில் அல்ல, சைக்கிள் கணக்கில்தான் வைப்பார்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். சென்னை–கோவை ஓடுகிற இன்ஜினுக்கு அது மளமளவென்று தீரும், சென்னை–லண்டன் போகிறதுக்கு அப்படி இல்லை. அப்புறம் வெளியேறும் வாயுவின் வெப்பம் மெல்ல மெல்ல வரம்பை நெருங்குவதைப் பார்த்து, இன்ஜினை எப்போது இறக்கிப் பழுது பார்க்கும் ஷாப்புக்கு அனுப்புவது, அதுவரை மாற்று இன்ஜினுக்கு எங்கே போவது என்று முடிவு எடுக்கணும். நிர்வாகம் என்றால் இதுதானே? இதை இன்ஜின் சார்தான் போகிற போக்கில் சொன்னார். நிர்வாகம் எடுக்க வந்தவர் தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று ஸ்லைடைப் படித்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. சேர்க்கிறபோது போனில் பேசியவர் சர்டிஃபிகேட் வந்தால் விமானத்தில் கை வைக்கலாம் என்கிற தொனியில் பேசினார். நம்பாதீர்கள். விமானத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட, விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு சிஏஆர்-66 என்ற லைசென்ஸ் விதிப்படி மாட்யூல் (பாடப்பகுதி) தேர்வுகள் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்கணும், மேலே செய்முறை அனுபவமும் காட்டணும். கேஸ் டர்பைன், அதாவது நாங்கள் படித்த இந்த வகை இன்ஜின், அதில் 15-வது மாட்யூல். இந்த வகுப்பு அந்த ஒன்றுக்குத் தயாராக உதவும், அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்த பையனை லைசென்ஸ் கனவோடு இதில் சேர்க்காதீர்கள். என்னை மாதிரி ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, ஸ்பேர்ஸ், பிளானிங் பக்கம் எட்டிப் பார்க்க நினைப்பவர்கள் சேரலாம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: வகுப்பின் வீடியோ பதிவு 15 நாள்தான் இருக்கும், டவுன்லோடு கிடையாது. ஐப்பசி மழையில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போய், எரிபொருள் கன்ட்ரோல் வகுப்பு இரண்டு எனக்குப் போனது போனதுதான். கேட்டதற்கு அடுத்த பேட்ச்சில் உட்காருங்கள், பாதி ஃபீஸ் போதும் என்கிறார்கள்.