டியூ-142: வைசாக் போனால் விடக்கூடாத விமானம்

ஆர்.கே. கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். சாலைக்கு எதிர்ப்புறமே டியூ-142 அருங்காட்சியகம். 1988-இல் சோவியத்திலிருந்து வந்து, 2017 மார்ச்சில் நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில் ஓய்வுபெற்ற கடல் கண்காணிப்பு விமானம். உள்ளே ஏறியும் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், விமானத்தைவிட அங்கே வைத்திருக்கும் சோனோபாய்களிடம்தான் (sonobuoy, நீர்மூழ்கியைத் தேட விமானத்திலிருந்து போடும் மிதவை) அதிக நேரம் நிற்க வேண்டும். பார்க்கச் சாதாரணக் குழாய்தான். கடலில் போட்டால் மிதக்கும். அதிலுள்ள மைக் மட்டும் கம்பியில் ஆழத்துக்கு இறங்கி, நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும். மிதக்கும் பாகம் அதை ரேடியோவில் மேலே விமானத்துக்கு அனுப்பும். பேட்டரி தீர்ந்ததும் மூழ்கிவிடும், திரும்ப எடுப்பதில்லை. கையிருப்பு குறைவு, கடலோ பெரிது. அப்புறம் எங்கே போடுவது என்பதில்தான் சாமர்த்தியமே. அரக்கோணத்தில் இப்போது டியூ-142-இன் வேலையை பி-8ஐ (P-8I) என்ற விமானம் பார்க்கிறது.