சீன மலைச்சரிவுகளில் மரம் நின்றதும் சாய்ந்ததும்: மூன்று சீர்திருத்தங்கள்

1978க்குப் பின் சீனாவில் கூட்டுப்பண்ணை நிலங்கள் குடும்பங்களின் கைக்கு வந்தன. வயலில் பலித்த அந்த ஏற்பாடு மலைக்காட்டில் தடுமாறியது. நெல் நாலு மாதப் பயிர். தெற்கு மலைகளில் வளர்க்கும் சீன ஃபிர் என்ற ஊசியிலை மரம் வெட்டுக்கு வர இருபது, இருபத்தைந்து ஆண்டாகும். அவ்வளவு நாள் காத்திருக்க உழவருக்கு என்ன உறுதி கிடைத்தது என்பதை வைத்தே மலைக்காட்டுக்கு வந்த மூன்று சீர்திருத்தங்களையும் எடைபோட வேண்டும்.

பங்கீடும் திறந்த சந்தையும் (1981, 1985)

1981இல் மலைத்துண்டுகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1985இல் தெற்கே அரசின் கட்டாயக் கொள்முதல் நீங்கி, மரத்தை யாருக்கும் விற்கலாம் என்றானது. மலை மலையாக வெட்டு விழுந்தது. இதை உழவரின் பேராசை என்று எழுதுவது அநியாயம். 1950களில் கைக்கு வந்த நிலம் சில ஆண்டுகளிலேயே கூட்டுப்பண்ணைக்குள் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள்; இதுவும் பறிபோகுமோ என்று பயந்தார்கள். 1987இல் அரசு மரச்சந்தையை மறுபடி இறுக்கி, மிச்சக் காட்டைப் பிரிப்பதையும் நிறுத்தியது. அவர்கள் பயந்தபடியே ஆயிற்று.

தானியம் கொடுத்து மரம் (1999)

1998 யாங்சி ஆற்று வெள்ளத்துக்குப் பின் வந்த திட்டம் இது. முக்கியமாக, 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தில் உழவை விட்டு மரம் வைத்தால் உதவி தந்தார்கள். ஒரு மூ, அதாவது பதினாறரை சென்ட் நிலத்துக்கு, யாங்சிப் பக்கம் ஆண்டுக்கு 150 கிலோ தானியம், மஞ்சள் ஆற்றுப் பக்கம் 100 கிலோ. கூடவே ஆண்டுக்கு 20 யுவான். மரக்கன்று வாங்க ஒருமுறை 50 யுவான். ஆண்டு உதவி காட்டு மரத்துக்கு 8 ஆண்டு, பழமரத்துக்கு 5, புல்லுக்கு 2.

மேட்டு நிலத்தில் கிடைத்துவந்த சொற்ப விளைச்சலை இந்தத் தானியம் ஈடுகட்டியது. அதனால் சரிவில் ஏர் நின்றது. மூன்றில் வேகமாகப் பலன் தந்தது இதுதான்.

கோளாறு வடக்கே, காற்று கொண்டுவந்து படியவைத்த மண்ணாலான லோயஸ் மேட்டுநிலத்தில். ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை எட்டாத இடத்திலும் நெருக்கமாக மரம் வைத்தார்கள். வேர் பல மீட்டர் ஆழத்து ஈரத்தையும் உறிஞ்சிவிடும்; பெய்யும் மழை அவ்வளவு ஆழம் இறங்காது. மண்ணுக்கடியில் ஒரு வறண்ட அடுக்கு உருவாகிவிடுகிறது. இப்படி வளர்ச்சி குன்றிய பாப்லர் மரங்களை அந்த ஊர்களில் ‘சின்னக் கிழவன் மரம்’ என்பார்கள்: முறுக்கிய தண்டு, காய்ந்த நுனி, வயதுக்குப் பாதி உயரம்கூட இல்லை. அங்கே புல்லும் புதரும்தான் பொருத்தம். ஆனால் புல்லுக்கு உதவி இரண்டே ஆண்டு என்றபோது யார் புல் வைத்திருப்பார்கள்?

நீண்டகால உரிமை (2003, 2008)

ஃபூஜியான், ஜியாங்ஸி மாகாணங்களில் தொடங்கி, 2008இல் நாடு முழுக்க விரிந்தது. 70 ஆண்டு ஒப்பந்தம், உரிமைச் சான்றிதழ், அடகு வைக்கவும் குத்தகைக்கு விடவும் வழி. மரத்தின் வயதுக்கு ஈடான உரிமை இதில்தான் கிடைத்தது. எங்கள் பார்வையில் நிலைக்கக்கூடியதும் இதுதான். குறை, வெட்டு ஒதுக்கீடு, அதாவது எவ்வளவு மரம் வெட்டலாம் என்று அரசு வைக்கும் வரம்பு. சான்றிதழ் கையில் இருந்தாலும் அனுமதி வராமல் வெட்ட முடியாது. நல்ல விலை வரும்போது அனுமதி இல்லாவிட்டால், அடுத்த முறை கன்று வைக்க மனம் வராது.

வனப்பரப்பு எண்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 1980களின் தொடக்கத்தில் 12 விழுக்காடாக இருந்தது 2018 கணக்கில் 22.96. இதில் மூங்கிலும் பழத்தோப்பும் சேர்த்தி. போதாததற்கு, 1990களில் ‘காடு’ என்பதற்கான தழைக்கவிகை வரம்பையே, அதாவது மரத்தழை மூடியிருக்க வேண்டிய நிலப் பங்கையே, 0.3இலிருந்து 0.2ஆகக் குறைத்தார்கள். அந்த மாற்றத்துக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது.