ஆச்சியும் குழந்தையும் வண்டலூரும்

என் மகளுக்கு இரண்டே கால் வயது. என் ஆச்சிக்கு 81. பொங்கல் விடுப்புக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த நாங்கள், கைக்குழந்தையோடு திருநெல்வேலி வரை போய்த் திரும்ப நாள் போதாது என்பதால், ஆச்சியையே தாம்பரத்திலிருக்கும் சித்தப்பா வீட்டுக்கு வரவழைத்தோம். வயதில் இத்தனை இடைவெளி இருந்தாலும் இருவருக்கும் வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்: நிழல், உட்கார இடம், நேரத்துக்குக் கழிப்பறை, மதியம் ஒரு தூக்கம். ஆகையால் இந்தப் பயணத்தில் பயன்படுத்திய வசதிகளை எல்லாம் இந்த இருவரின் கண்கொண்டே பார்க்கிறேன்.

ஆச்சி நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தார். 45 வயதைக் கடந்த பெண்களுக்கான ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை மட்டும் அவர் இன்னும் மறக்கவில்லை. தாம்பரத்தில் விடியற்காலையில் இறங்கியவரை, உடன் பயணம் செய்த ஒரு கல்லூரி மாணவர் பெட்டியோடும் முறுக்கு டின்னோடும் இறக்கிவிட்டு, நாங்கள் வரும்வரை அருகிலேயே நின்றிருந்தார். இதை எந்த வசதிப் பட்டியலில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

வண்டலூர் போகலாம் என்றதும் ஆச்சி, "உயிர் காலேஜ்தான?" என்று கேட்டார். தாத்தா ரயில்வே வேலையில் பெரம்பூரில் இருந்தபோது அவர் பார்த்தது மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய விலங்குக் காட்சிசாலை. அந்தக் காலத்துச் சென்னைவாசிகளுக்கு அது உயிர் காலேஜ். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். இரண்டும் உண்மையில் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை. அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபோர் 1855இல் அங்கேயே விலங்குகளை வைத்துத் தொடங்கியதுதான் பின்னர் மூர் மார்க்கெட் பக்கம் பார்க் டவுனுக்கு நகர்ந்து, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக வண்டலூரில் திறக்கப்பட்டது.

முதலில் செவ்வாய்க்கிழமை போவதாகத் திட்டமிட்டிருந்தோம். அன்றுதான் பூங்காவுக்கு வார விடுமுறை என்பதை அத்தை மகன் நினைவூட்டியிராவிட்டால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். காணும் பொங்கலன்று அங்கே திரளும் கூட்டத்தை நினைத்து, பொங்கல் கழிந்து ஒரு வாரம் பொறுத்து, புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்தப் பயணத்தில் எங்களைச் சோதித்தது வாடகைக் கார் ஒன்றுதான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். செயலியில் பதிவு செய்தவுடன் ஓட்டுநர் அழைத்து, "எங்க சார் போகணும், கேஷா ஆன்லைனா?" என்று கேட்பார், பதில் சொன்னதும் பதிவு ரத்தாகும். மூன்று முறை இப்படி நடந்த பிறகு நான்காவது கார் வந்தது. குழந்தை இருக்கையை நாங்களே கொண்டுவந்திருந்தோம். ஆனால் பின்னிருக்கையில் மாட்டியிருந்த பளபளப்பான உறைக்கு அடியில் சீட் பெல்ட்டின் கொக்கி புதைந்து கிடந்தது. உறையைத் தூக்கிக் கையை விட்டுத் துழாவியதில் ஒரு பேனா மூடி, இரண்டு ஐம்பது பைசா நாணயங்கள், கடைசியாக அந்தக் கொக்கி. "பின்னாடி யாரும் போட மாட்டாங்க சார்" என்றார் ஓட்டுநர், மிகுந்த அக்கறையோடு. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் பக்கம் நெரிசல் கூடியிருப்பதாகச் சித்தப்பா எச்சரித்திருந்தார். ஒன்பது மணிக்கு முன்பே கிளம்பியதால் பெரிதாகச் சிக்கவில்லை.

நுழைவாயிலில் பைகளைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு உள்ளே அனுமதி இல்லாததால், ஆச்சி கவரில் கட்டி வைத்திருந்தவற்றை எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினோம். சோதித்த பெண் ஊழியர் மூடியைத் தாமே அழுத்தி மூடிக் கொடுத்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஆச்சி, "நான் என்ன நோயாளியா?" என்று மறுத்துவிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என் மனைவி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த குழந்தைத் தள்ளுவண்டியில் அன்று முழுவதும் தண்ணீர்ப் புட்டிகள்தான் பயணம் செய்தன.

சிங்கப்பூரின் மண்டாய் விலங்குக் காட்சிசாலையைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அது ஏறத்தாழ 28 ஹெக்டேர். வண்டலூர் 602 ஹெக்டேர், அதுவும் காப்புக்காட்டில் அமைந்தது. ஒரு விலங்கிலிருந்து அடுத்ததற்குப் போவதே ஒரு நடை. ஆகவே முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் பேட்டரி வண்டியில் ஒரு சுற்றுப் போய்விட்டு, பிறகு பிடித்த இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நின்று பார்ப்பதே சரி. "அங்கன எல்லாம் கூண்டுக்குள்ள கெடக்கும், கிட்டப் போய்ப் பாக்கலாம். இது காட்டுக்குள்ள போய்த் தேடுத மாதிரில்லா இருக்கு" என்று பழைய உயிர் காலேஜை நினைத்து ஆச்சி குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறையாகச் சொன்னது எனக்கு அந்த இடத்தின் சிறப்பாகவே பட்டது.

வெள்ளைப் புலி நிழலில் படுத்திருந்தது, எழுந்திருக்கவில்லை. நாங்கள் அதிக நேரம் நின்றது நீர்யானையிடம்தான். தண்ணீருக்கு மேல் இரண்டு மூக்குத்துளைகளும் இரண்டு காதுகளும் மட்டுமே தெரிந்தன. நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு காது படபடவென்று உதறி நீர்த்துளிகளைத் தெறிக்கவிட்டது. மகள் தன் காதைப் பிடித்துக்கொண்டு அதைப் போலவே தலையை உதறினாள். ஆச்சியும் பாம்படம் போட்டு வளர்த்த தன் காது மடலைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அதன்பின் எந்த விலங்கைப் பார்த்தாலும் குழந்தை முதலில் காதைத்தான் தேடினாள். முதலையிடம் அது கிடைக்காமல் அழுதாள்.

பணம் செலுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. இளநீர் வண்டி வரை எல்லாமே க்யூஆர் குறியீடுதான். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர் எண்ணைக் கொண்டே யு.பி.ஐ. இணைத்துக்கொள்ள 2023இலேயே வழி திறந்துவிட்டது. நான்தான் சோம்பலில் செய்யவில்லை. கையிலிருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு இளநீர்க்காரரிடம் சில்லறை இல்லை. ஆச்சி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாள்களைப் பிரித்துக் கணக்கை முடித்தார்.

ஒரு மணிக்கு முன்பே இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டதால் வீடு திரும்பினோம். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் ஓட்டேரி ஏரிப் பறவைகளும் பாக்கி. ஆனால் மாலையில் காப்பி குடிக்கும்போது ஆச்சி கேட்டது வேறு: "அந்தச் செத்த காலேஜையும் ஒரு எட்டு காமிச்சிரு, பொறவு ஊருக்குப் போறேன்." வியாழக்கிழமை எழும்பூர் போவதாக முடிவாயிற்று. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை இம்முறை நானே முதலில் பார்த்துவிட்டேன்.