குழாய் மீட்டரா, வயர் மீட்டரா?

சித்தப்பாவின் வண்டி 1972ஆம் ஆண்டு வேலியன்ட் சார்ஜர். கிரைஸ்லரின் ஆஸ்திரேலியக் கிளை செய்தது; 1971இல் வந்து 1978 வரை ஓடிய ரகம். அமெரிக்காவின் டாட்ஜ் சார்ஜருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். இதில் இருப்பது வரிசையாக ஆறு சிலிண்டர் நிற்கும் ‘ஹெமி 265’, 4.3 லிட்டர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை லோரி ஓட்டியே காலம் கழித்தவர், ஓய்வுக்குப் பிறகு சேமிப்பை இதில் கொட்டினார். சித்தி இன்னும் மன்னிக்கவில்லை.

போன வருடம் தைப்பூசத்துக்குப் பினாங்கு புறப்பட்டோம். கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி, புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் பாதி போவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. டாஷ்போர்டில் இருந்த வெப்ப மீட்டர் அப்போதும் நடுவில்தான் நின்றது. அதில் எண்ணே கிடையாது. ஒரு முனையில் சி, மறுமுனையில் எச், அவ்வளவுதான். எண்ணெய்க்கு மீட்டரே இல்லை, ஒரு சிவப்பு விளக்கு. அது எரியும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

ஆக மூன்று மீட்டர் புதிதாகப் போட வேண்டும்: எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, பேட்டரி. ஆளுக்கு ஒரு யோசனை. வண்டி பழுதுபார்க்கும் ஃபோர்மேன் அண்ணன், “குழாய் மீட்டர்தான் பொய் சொல்லாது” என்றார்; எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நேராக மீட்டருக்கு வரும் ரகம் அது. சித்தப்பா மகன், மூன்றும் ஒரே திரையில் எண்ணாக ஓடும் டிஜிட்டல் பெட்டியைக் கைப்பேசியில் காட்டினான். நான் வயர் மீட்டர் கட்சி: எஞ்சினில் சென்சார், அங்கிருந்து மீட்டருக்கு மின்வயர். சித்தப்பா எல்லோருக்கும் தலையாட்டினார்.

முதலில் எண்ணெய். குழாய் மீட்டருக்குள் இருப்பது 1849இல் பிரெஞ்சுக்காரர் யூஜின் போர்டோன் காப்புரிமை வாங்கிய அதே சங்கதி. வளைந்த பித்தளைக் குழல் ஒன்று. உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். மின்சாரம் வேண்டாம், எர்த் வேண்டாம், விலையும் குறைவு. எஞ்சின் எண்ணெயே நேராக மீட்டருக்கு வருவதால் முள் உடனுக்குடன் துடிக்கும். ஒரே ஒரு சங்கடம்: எண்ணெய் உங்கள் முழங்காலுக்கு மேல்வரை வருகிறது.

அந்தச் சங்கடம் எங்களுக்கு இரண்டாவது வாரமே வந்து சேர்ந்தது. லிந்தாங் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். சித்தப்பா செருப்பைத் தரையில் தேய்த்து, “என்னடா வழுக்குது?” என்றார். குனிந்து பார்த்தால் ரப்பர் பாயில் சில்லறைக் காசு அகலத்துக்குக் கரும்பொட்டு. மேலே நைலான் குழாய் நட்டைச் சந்திக்கும் இடத்தில் இன்னொரு சொட்டு திரண்டு நிற்கிறது. குழாயை எக்ஸாஸ்டுக்குக் கிட்டே கொண்டுபோனது எங்கள் தப்பு. சூட்டில் இளகி, நட்டுப் பிடியிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. செம்புக் குழாய் போட்டால் உருகாது, உண்மைதான். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து இறுகி ஒரு நாள் விரிசல் விடும். அதனால்தான் செம்பு போடுகிறவர்கள் நடுவில் ஒரு சுற்று சுருட்டி விடுவார்கள். அதிர்வை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும்.

வயர் மீட்டரில் எண்ணெய் எஞ்சினோடு நின்றுவிடும். அங்கே திருகிய சென்சாரிலிருந்து ஒற்றை வயர்தான் உள்ளே வரும். தொல்லை வேறு மாதிரி. சென்சாரும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் விடிஓ நிறுவனம் தன் அழுத்தச் சென்சாரின் மின்தடையை 10 முதல் 180 ஓம் வரை என்று அமைக்கிறது; அமெரிக்கப் பழைய ரகம் 240இல் தொடங்கி 33இல் முடியும். ஒன்றின் சென்சாரை இன்னொன்றின் மீட்டருக்குக் கொடுத்தால் முள் நகரும், ஆனால் சொல்வதெல்லாம் பொய். அப்புறம் அந்த வெள்ளை டெஃப்லான் டேப். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, கிடைப்பதே அதன் திருகு மறை வழியாகத்தான்; டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினால் எர்த் போகும், மீட்டர் உளறும்.

மறையைப் பற்றி இன்னொன்று. ஈப்போ ஹாஃப் கட் கடைகளில், அதாவது பாதியாக வெட்டி வந்த பழைய வண்டிகளின் பாகம் விற்கும் இடங்களில், ஜப்பான் சென்சார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தேன். இரண்டு சுற்று வெண்ணெய் மாதிரி இறங்கியது, மூன்றாவதில் இறுகிவிட்டது. ஸ்பேனரை எடுத்தேன், ஃபோர்மேன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். ஜப்பான்காரன் மறை ஒரு இஞ்சுக்கு 28 புரி, இந்த எஞ்சினில் இருக்கும் அமெரிக்க மறை 27. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு புரி, பிளாக்கின் துளையையே தின்றிருக்கும்.

எண்ணெய்க்கு என் ஓட்டு வயருக்கு. எஞ்சினில் டி வடிவப் பித்தளை இணைப்பு ஒன்றைப் போட்டு, ஒரு வாயில் புதுச் சென்சார், மறுவாயில் பழைய சிவப்பு விளக்கின் சுவிட்ச். விளக்கைக் கழற்றி எறியாதீர்கள். முள்ளை யாரும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. விடிஓ சென்சார் ஒரு சின்ன டப்பா கனம் என்பதால் டியில் நேராகத் தொங்கவிட்டால் அதிர்வில் பித்தளை முறியும். பின்னிய ஹோஸ் ஒன்றை நடுவில் போட்டு, சென்சாரை எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் இரும்புச் சுவரில் கட்டி, தனி எர்த் வயர் கொடுத்தோம். இப்போது சூடான எஞ்சின் சும்மா நிற்கையில் அழுத்தம் 20 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு), ஓடும்போது 50 சொச்சம். எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ இருந்தால் போதும் என்று பழைய மெக்கானிக்குகள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதற்கு மேலேயே நிற்கிறது.

தண்ணீர்ச் சூட்டுக்கு வந்தால் நான் கட்சி மாறிவிட்டேன். குழாய் மீட்டரில் எஞ்சின் தண்ணீர் உள்ளே வராது. நுனிக் குமிழில் சீக்கிரம் ஆவியாகும் திரவத்தை அடைத்து, நூல் மாதிரி மெல்லிய செம்புக் குழலால் மீட்டரோடு மூடிவிட்டிருப்பார்கள். சூட்டில் ஆவி அழுத்தும், முள் ஏறும். ஒழுகும் பயம் இல்லை. ஆனால் அந்தக் குழலை வெட்டக் கூடாது, நெரிக்கக் கூடாது, ஒட்ட முடியாது. நீளம் அதிகமானால் சுருட்டித்தான் கட்ட வேண்டும். மீட்டரும் குமிழும் பிரியாத பிறவி என்பதால் அந்த இரும்புச் சுவரில் குமிழ் நுழையும் அளவுக்குப் பெரிய துளை வேண்டும். பொருத்துவது கழுத்தறுப்பு. பொருத்திய பிறகு நிம்மதி.

வயர் மீட்டர் பொருத்தச் சுலபம், சாவியை அணைத்ததும் செத்துவிடும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். தோட்டத்துச் செம்மண் பாதையில் முக்கி வந்த எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, இரும்பின் சூடு நிற்கவில்லை. சூடு இன்னும் கொஞ்ச நேரம் ஏறும். குழாய் மீட்டர் அதையும் காட்டும். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: தண்ணீர் வற்றிப்போனால் குமிழோ சென்சாரோ அந்தரத்தில் தொங்கும், முள் இறங்கக்கூட இறங்கும். ஆவி பறக்க முள் சாதுவாக நின்றால் சந்தோஷப்படாதீர்கள்.

எண்ணாகப் படிப்பதில் இன்னொரு லாபம். 15 பிஎஸ்ஐ மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஆகவே ஏற்றத்தில் 100ஐத் தொட்டதும் பதறி ஓரங்கட்ட வேண்டியதில்லை. ஏறிக்கொண்டே போகிறதா, நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இது தெரியாமல்தான் நம்மூரில் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வை, கழற்றி வீசும் பழக்கம் வந்தது. எங்கள் வண்டியிலும் யாரோ வீசியிருந்தார்கள். 82 டிகிரியில் திறப்பது ஒன்றைத் திரும்பப் போட்டோம்.

மூன்றாவது, பேட்டரி. இதில் அலசவே வேண்டாம், வோல்ட் மீட்டர்தான். அந்தக் காலக் கிரைஸ்லர் வண்டிகளில் ஆம்ப் மீட்டர் இருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஏறும் மின்சாரம் முழுக்க டாஷ்போர்டுக்குள் புகுந்து அந்த மீட்டர் வழியாகத்தான் போகும். ஐம்பது வருடம் போய், நம்மூர் ஈரக்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிட்டால் அங்கேதான் சூடு பிறக்கும். கழற்றிப் பார்த்தபோது திருகாணியைச் சுற்றிய பிளாஸ்டிக், கருகிய அப்பளம் மாதிரி பழுத்திருந்தது. அதற்குப் பிறகு சித்தப்பா வாக்குவாதமே செய்யவில்லை. அந்த இரண்டு தடி வயரையும் மீட்டரை விட்டு விலக்கி, ஃபியூசிபிள் லிங்க், அதாவது மின்சாரம் மிஞ்சினால் தானே உருகி அறும் வயர், வைத்து இணைத்தோம். வோல்ட் மீட்டருக்கு மெல்லிய வயர், சின்ன ஃபியூஸ். நிற்கையில் 12.6, ஓடுகையில் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

டிஜிட்டல் பெட்டியை மறக்கவில்லை. தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான், வாங்கியும் பார்த்தோம். மத்தியான வெயிலில் எண் தெரியவில்லை, இரவில் கண் கூசியது. 91, 93, 92 என்று அது பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். முள் என்றால் படிக்க வேண்டாம், கடைக்கண்ணுக்கே தெரியும். பந்தயக்காரர்கள் மீட்டரையே திருப்பி வைத்து, எல்லாம் சரியாக இருந்தால் எல்லா முள்ளும் நேர் மேலே நிற்கும்படி செய்வது இதற்குத்தான். நல்ல டிஜிட்டல் இல்லாமல் இல்லை. மஸ்டாங், கமாரோ மாதிரி அமெரிக்க வண்டிகளுக்கு டகோடா டிஜிட்டல் போன்றவர்கள் பழைய பேனலின் இடத்தில் அப்படியே உட்கார்வது போல முழு செட்டாகவே செய்கிறார்கள், எச்சரிக்கை வசதியோடு. நாங்கள் வாங்கியது அந்த ஜாதி இல்லை. தம்பி இப்போது அதைத் தன் மைவி காரில் ஒட்டியிருக்கிறான்.

எங்கே பொருத்துவது? டாஷ்போர்டைத் துளைக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே குரல். கண்ணாடித் தூணில் காது மாதிரி ஒட்டும் பாட் என்ற மீட்டர் கூடு இந்த வண்டிக்குக் கேவலம். ரேடியோவுக்குக் கீழே மூன்று துளைத் தகடு, 52 மில்லிமீட்டர் மீட்டர்கள். பார்வையை இறக்கித்தான் பார்க்க வேண்டும், அது குறைதான். பழைய ஆம்ப் மீட்டரை அதே இடத்தில் விட்டுவைத்தோம், வயர் இல்லாமல்.

வண்டி வீடு வந்ததும் சித்தப்பா சாவியை அணைப்பார், இறங்க மாட்டார். எண்ணெய் முள்ளும் வோல்ட் முள்ளும் படுத்துவிடும். தண்ணீர் முள் மட்டும் 92இலிருந்து மெதுவாக 97, 98 என்று ஏறி, கொஞ்ச நேரம் யோசித்து, இறங்கத் தொடங்கும். “டீ ஆறுது” என்று சித்தி உள்ளேயிருந்து கூப்பிடுவார். “இரு, இன்னும் இறங்கல” என்பார் இவர்.