ஆறு வசந்தம் கண்ட டென்ட், தேய்ந்துபோன ரன்னர்

டென்ட்டை ரிப்பேர் கடையிலிருந்து நேற்றுதான் எடுத்து வந்தேன். வாசல் ஜிப்பின் ரன்னர், அதாவது திறந்து மூட இழுக்கிற உலோகத் துண்டு, இரண்டும் புதிது. கூலி 48 டாலர், காத்திருந்தது மூன்று வாரம். வீட்டுக்கு வந்து ஃபோனைப் பார்த்தால் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பியிடமிருந்து செய்தி: “அண்ணா, நீங்க மோவாபுக்குக் கொண்டு போற அதே டென்ட் இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?” வருகிற ஏப்ரலில் அவனும் அவன் மனைவியும் முதல்முறையாக எங்களோடு வருகிறார்கள். இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

எடை, நீள அகலம், எத்தனை கம்பி, எத்தனை வாசல் என்பதெல்லாம் எங்கு தேடினாலும் கிடைக்கும். மோவாப் இருக்கும் யூட்டா மாநிலத்தின் செம்மணலில் இது எப்படி உழைத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2019 மார்ச்சில் வாங்கினோம். டென்வரிலிருந்து மோவாப் 350 மைல் சொச்சம், சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஆறு ஆறரை மணி நேரம். ஏப்ரல் பிறந்துவிட்டால் நாங்கள் இருவரும் எங்களுக்கு நெருக்கமான இன்னொரு தம்பதியும் கிளம்பிவிடுவோம். சில வருடம் கூட்டம் எட்டுப் பேர்வரை போகும். 2020இல் மட்டும் போகவில்லை. அந்த மார்ச் கடைசியில் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் இரண்டு தேசியப் பூங்காக்களையும் மூடிவிட்டார்கள். மற்றபடி 2025 வரை ஆறு வசந்தம். நாற்பது இரவுக்குமேல் இந்த டென்ட்டுக்குள் தூங்கியிருக்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முளை அடிக்காமலே தானாக நிற்கும் டென்ட் இது. அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போய்ப் பார்த்தால்தான் புரியும். பாதி இடம் வெறும் பாறை, முளை இறங்காது. மீதி இடம் பொடி மணல், முளை நிற்காது. நாங்கள் நாலு மூலையிலும் கயிற்றைக் கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு பெரிய கல்லை வைத்துவிடுவோம். கம்பிகள் காற்றில் வில்லாக வளைந்து நிமிர்ந்திருக்கின்றன, இன்றுவரை ஒன்றுகூட உடையவில்லை. அடித்துணியில் ஓட்டை இல்லை. ஒரு ஏப்ரலில் விடிய விடிய ஆலங்கட்டியோடு மழை பெய்தது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

அப்புறம் அந்த வலை. உள்டென்ட் தலையிலிருந்து இடுப்புவரை, ஏன் முழங்கால்வரைகூட, வலைதான். மழைக்காகப் போடும் மேல்துணியை எடுத்துவிட்டுப் படுத்தால் நமக்கும் வானத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கேன்யன்லேண்ட்ஸ் 2015இலேயே இருண்ட வானப் பூங்கா என்ற சான்று பெற்ற இடம். ஏப்ரலில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் பால்வீதி தென்கிழக்கே எழும்பி வரும். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, “ஏங்க, எழுந்திரிங்க, மேகம் வந்திடுச்சு, மேல்துணியைப் போடுங்க” என்று என்னை எழுப்பினாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்த பிறகுதான் அது மேகம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து டென்ட் நண்பர்களையும் எழுப்பினோம். நாலு பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தோம், குளிர் 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்த ஒரு இரவுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று இன்றைக்கும் சொல்வேன்.

இனி ஜிப்.

அங்கே வசந்தம் என்றால் காற்று. பகல் இதமாக இருக்கும், கற்றாழை சிவப்பாகப் பூத்திருக்கும், ஆற்றோரக் காட்டன்வுட் மரங்கள் இளம்பச்சையாகத் துளிர்த்திருக்கும். பிற்பகலில் காற்று கிளம்பினால் மணலோடுதான் வரும். அந்த மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள், சலித்த ரவை மாதிரி ஒரே சீராக இருக்கும். காரணம் இருக்கிறது. அங்கே பல பாறைகள் பழைய மணல்மேடுகள்தான். நவாஹோ மணற்பாறை ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவனமாகக் கிடந்தது. அப்போதே காற்று உருட்டிச் சலித்த மணல் பாறையாக இறுகி, இப்போது மறுபடி உதிர்கிறது. மணல்மணி ஒவ்வொன்றும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம், மேலே இரும்புத் துருவின் பூச்சு, அதனால்தான் செந்நிறம். டென்ட் ரன்னரோ பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. குவார்ட்ஸுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உப்புத்தாளால் உள்ளே தேய்க்கிற மாதிரிதான்.

ஜிப் பற்கள் கெட்டுவிட்டன என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். இந்த ஜிப்பில் பற்களாக இருக்கும் நைலான் சுருள் நன்றாகவே இருந்தது. தேய்ந்தது ரன்னரின் உள்வாய். இரண்டு பக்கச் சுருளையும் நெருக்கி அழுத்த வேண்டிய இடைவெளி ஒரு நூலளவு விரிந்துவிட்டால் போதும், ரன்னர் முன்னால் ஓடும், பின்னால் ஜிப் திறந்துகொண்டே வரும்.

2023 ஏப்ரல், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் நீடில்ஸ் முகாம். பகலில் செஸ்லர் பார்க் சுற்று, 11 மைல் நடந்திருந்தோம். பாறைப் பிளவுக்குள் பையைக் கழற்றிக் கையில் பிடித்து, ஒருக்களித்து நுழைந்து போன களைப்பில் எட்டு மணிக்கே எல்லோரும் படுத்துவிட்டோம். ஒரு மணிக்குக் காற்று. மனைவி வெளியே போய்விட்டு உள்ளே வந்து ஜிப்பை இழுத்தாள். ரன்னர் கீழேவரை வந்தது, வாசல் அப்படியே வாய் பிளந்து நின்றது. நான் இழுத்தேன், மேலே, கீழே, மெதுவாக, வேகமாக. ஒன்றும் நடக்கவில்லை. மேல்துணிக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி உண்டு, காற்றோட்டத்துக்காக வைத்தது. அதன் வழியே மணல் சுழன்று ஏறி, வலையில் சலிந்து, முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வாசலும் திறந்துகொண்டதும் படுக்கையில் அள்ளிக் கொட்டியது.

மனைவி வளையலில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்கு கோர்த்திருப்பாள், அவள் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அதைக் கழற்றினாள். பையின் மூலையிலிருந்து இன்னும் மூன்று. டார்ச்சை நான் பிடிக்க, அவள் வாசல் துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மடித்து, சாணுக்கு ஒன்றாகக் குத்தினாள். விரல் நடுங்குகிற குளிரில் ஒன்றுகூட வலையில் படாமல் துணியில் மட்டும் குத்தினாள். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கண் மூட முடிந்தது. காலையில் மூடி வைத்திருந்த புளிச்சோறுகூட வாயில் நறநறத்தது. என் மனைவியின் கண் இரண்டும் சிவந்திருந்தன. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

நண்பர்களுடைய டென்ட் கீழ்ப்பாதி முழுத்துணி, மேலே மட்டும் வலை. அவர்களுக்கு மணல் வராமலில்லை, ஆனால் தூங்கியிருந்தார்கள். “மச்சான், கட்டிங் பிளேயர் வண்டியில இருக்கு, இரு” என்று நண்பர் எடுத்து வந்தார். ரன்னரின் பின்பக்க ஓரம் இரண்டையும் மெல்ல, மிக மெல்ல, நசுக்கினால் இடைவெளி குறையும். வேலை செய்தது. இரண்டு வருடம் இப்படியே நசுக்கி நசுக்கி ஓட்டினேன். போன ஏப்ரலில் ஒரு ரன்னர் விரிசல் விட்டுவிட்டது.

ஊரில் பள்ளிப் பை ஜிப்புக்கு மெழுகுவர்த்தி தேய்ப்போமே, அதைச் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன். மெழுகில் மணல் ஒட்டிக்கொண்டு தேய்மானம் இன்னும் கூடியது. எண்ணெய் அதைவிடக் கெடுதல். தினமும் சாயங்காலம் பழைய பல்துலக்கியால் சுருளைத் துடைப்பது, வீடு திரும்பியதும் தொட்டியில் நல்ல தண்ணீரில் அலசுவது, இவைதான் பலன் தந்தன. இன்னொன்று, முகாமில் போட்டிருக்கிற பாதையை விட்டு இறங்காதீர்கள். கறுத்து, புற்று மாதிரி மேடுபள்ளமாக இருக்கும் மண், நீலப்பச்சைப்பாசி நூலாய்ப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல். ஒரு செருப்புத்தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். அது உடைந்த இடத்து மணல்தான் எளிதில் பறக்கிறது. என் படுக்கையில் விழுந்ததில் எவ்வளவு யாரோ மிதித்து விட்டதால் வந்ததோ என்று அன்றைக்கு ராத்திரி நினைத்தேன். வருகிற நண்பர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். வழக்கமான தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்று பதில். நியாயமாகப் பார்த்தால் மணல் தேய்த்தது உண்மைதான், அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ரன்னரின் முதுகில் பார்த்தால் 3 என்று நம்பர் இருக்கும். எடையைக் குறைக்கப் போட்ட சின்ன ஜிப். 5ஆம் நம்பர் போட்டிருந்தால் சில கிராம்தான் கூடும், இன்னும் சில வசந்தம் தாங்கியிருக்கும். கம்பிக்கும் துணிக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், மனிதர் கை தினமும் இருபது முறை படுகிற ஒரே இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். சுருளையே மாற்றினால் டென்ட் விலையில் பாதி ஆகும் என்றார் கடைக்காரர். அதனால் புது ரன்னரும் 3ஆம் நம்பர்தான்.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: வாங்காதே. எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம். கீழ்ப்பாதி துணியாக, ஜிப் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்கு. உன் மனைவிக்கு இது முதல் பயணம், முதல் இரவே அப்படி ஆகிவிட்டால் மறுபடி வர மாட்டாள்.

நாங்கள் ஏப்ரலுக்கு இதையேதான் எடுத்துப் போகிறோம். வேறு வாங்கலாமா என்று நேற்று கேட்டேன், மனைவி கேட்கவே தயாராக இல்லை. ஹாலில் விரித்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள். ரன்னரை நீயே இழுத்துப் பார்.