3 மி.மீ. சிப்போர்டு என்று சொல்லி 1.2 மி.மீ. அட்டை: முதல் கோட் அடிக்கும் முன் பார்த்துவிடுங்கள்

பெயின்ட் அடிக்கத் தயாரான சிப்போர்டு (காகித நாரை அழுத்திச் செய்த கெட்டி அட்டை) கட்அவுட் செட், அதாவது பூ, எழுத்து என்று வடிவமாக வெட்டிய துண்டுகள், வாங்கப்போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. கடைப்பெயர் நாளைக்கே மாறலாம். சரக்கை அடையாளம் கண்டுகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் தப்பிக்கலாம்.

விளம்பரத்தில் சொன்னது: 3 மி.மீ. கெட்டி சிப்போர்டு, 60 பீஸ், மற்ற பீஸ்களை ஒட்டுவதற்கு 30 செ.மீ. வட்டத் தளம், கூடவே ஜெஸ்ஸோ (பெயின்ட் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சு), டெக்ஸ்சர் பேஸ்ட் (மேடுபள்ளம் எழுப்பும் களிம்பு), மேல்பூச்சுக்கு வார்னிஷ். வந்து சேர்ந்த அட்டை, தடிமன் அளக்கும் வெர்னியரில் 1.2 மி.மீ. காட்டியது. 60 பீஸில் பாதிக்கு மேல் எழுத்துகளின் நடுவிலிருந்து விழுந்த கழிவுத் துண்டுகளும் குட்டிப் புள்ளிகளும்தான். 30 செ.மீ. என்பது வட்டத்தை வெட்டிய தாளின் அளவாம். வட்டம் 24 செ.மீ. ஜெஸ்ஸோ முதல் கோட் காய்வதற்குள் தளம் நாலா பக்கமும் ஓரம் தூக்கிக்கொண்டது, இரண்டாவது கோட்டில் விளிம்பு ஏடு ஏடாகப் பிரிந்தது. புகார் செய்தால் பதில் இவ்வளவுதான்: “நீங்க தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க. பெயின்ட் அடிச்ச பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.”

அந்தப் பதிலில்தான் சாமர்த்தியமே இருக்கிறது. தண்ணீர் பட்டால் நல்ல சிப்போர்டும் வளையும், அது உண்மை. ஆகவே குற்றத்தை வாங்கியவர் தலையில் கட்டுவது சுலபம். புதிதாகக் கைவேலை பழகுபவர் “நம்ம கை சரியில்லை போல” என்று விட்டுவிடுவார். எது அட்டையின் குறை, எது பெயின்ட் அடித்தவரின் குறை என்பதைப் பிரித்துக் காட்டத் தெரிந்தால் இந்தப் பேச்சு எடுபடாது.

முதலில் தடிமன். வெர்னியர் இல்லையென்றால் ஒரே அட்டையில் வெட்டிய பத்துத் துண்டுகளை அடுக்கி அழுத்திப் பிடித்து ஸ்கேலில் பாருங்கள், 3 மி.மீ. என்றால் அடுக்கு 30 மி.மீ. வர வேண்டும். அதோடு எடையும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தடிமன் இருந்தும் உள்ளே பஞ்சுபோல் இளகிய அட்டைகள் உண்டு. அடர்த்தியான சாம்பல் நிற அட்டை 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 600 முதல் 650 கிராம் இருக்கும். கட்அவுட்டைச் சுற்றியிருக்கும் கழிவுத் தாளில் 10 செ.மீ. சதுரம் வெட்டி சமையலறைத் தராசில் வைத்தால் 2 மி.மீ. அட்டை 12–13 கிராமும் 3 மி.மீ. அட்டை 18–19 கிராமும் காட்டும். 7 அல்லது 8 கிராம்தான் வருகிறது என்றால் வேறு விவாதமே வேண்டாம்.

1.2 மி.மீ. அட்டையே மோசம் என்று சொல்ல வரவில்லை. பூ, இலை, எழுத்து, சட்டத்தின் மேல் ஏறும் அலங்காரம் எல்லாவற்றுக்கும் அந்தத் தடிமன் போதும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் வசதி. ஆனால் தளத்துக்கு அது ஆகாது. டெக்ஸ்சர் பேஸ்ட், உலோகத் துண்டுகள், துணி, இரண்டு மூன்று அடுக்குக் கட்அவுட் என்று எல்லாப் பாரமும் தளத்தின் மேல்தான் விழும். 20 செ.மீ.க்கு மேல் அகலமான தளம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 30 செ.மீ. என்றால் 3 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது அடுக்கு ஒட்டு. தடித்த அட்டைகள் பெரும்பாலும் பல அடுக்கை ஒட்டிச் செய்பவைதான், அதில் மோசடி ஒன்றுமில்லை. ஒட்டிய பசை எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம். ஒரு கழிவுத் துண்டை 45 டிகிரிக்கு மடக்குங்கள். நல்ல அட்டை மேலிருந்து கீழ்வரை சேர்ந்தே முறியும். மட்டமானதில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, விளிம்பு வாய் பிளக்கும். இன்னொரு துண்டின் விளிம்பை இரண்டு நிமிடம் தண்ணீரில் நிறுத்தி, எடுத்துக் காயவிடுங்கள். கொஞ்சம் உப்புவது இயல்பு. காய்ந்த பிறகும் நகத்தால் தள்ளினால் ஏடு கழன்று வருகிறது என்றால், அதில் நீங்கள் எவ்வளவு மெல்லிய கோட் அடித்தாலும் ஒருநாள் பிரியத்தான் செய்யும்.

இப்போது வளைவு யாருடைய தவறு என்ற கேள்விக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும் ஈரமாகும்போது அந்தப் பக்கத்து நார்கள் உப்புகின்றன. காயும்போது அட்டையும் சுருங்குகிறது, அதன் மேலிருக்கும் அக்ரிலிக் படலமும் சுருங்குகிறது. ஆகவே கடைசியில் அட்டை பெயின்ட் அடித்த பக்கமாகக் குழிவது சகஜம். பின்பக்கமும் அதே அளவு ஜெஸ்ஸோ ஒரு கோட் அடித்து, முக்கால் பங்கு காய்ந்ததும் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினால் ஓர் இரவில் நேராகிவிடும். அப்படி நேரானால் குறை அட்டையில் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக அடித்தும் மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டால் அது அட்டையின் கோளாறு, அல்லது ஈரத்தில் கிடந்த சரக்கு. பிரித்த உடனேயே, பெயின்ட் தொடுவதற்கு முன், கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலையும் படிகிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் வரும் வாதத்துக்கு இந்தப் படம்தான் பேசும்.

பெயின்ட் உரிந்து வந்தாலும் இதே மாதிரி சாட்சி பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த இடத்தில் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, சடாரென்று இழுங்கள். டேப்பில் வந்த படலத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிற நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அட்டையின் மேல்தோல் பலமில்லை. படலம் மட்டும் வழவழவென்று தனியாக வந்து, அட்டை பளபளப்பாக நின்றால் மேற்பரப்பு வழுக்கலாக இருந்திருக்கிறது, அல்லது அடிப்பூச்சு பிடிக்கவில்லை. 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்காமல் பளபள அட்டை மேல் அடித்திருந்தால் பழி நம்முடையதும்தான்.

அடிப்பூச்சு என்றதும் அந்த ‘ஜெஸ்ஸோ’ டப்பாவைச் சொல்லியாக வேண்டும். செட்டோடு வந்தது வெறும் வெள்ளை பெயின்ட். ஜெஸ்ஸோ காய்ந்தால் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். பென்சிலால் கோடு போட்டால் சாக்பீஸ் சுவரில் போட்டதுபோல் கறுப்பாகப் பிடிக்கும். இதில் காய்ந்த பிறகு மினுமினுப்பு, பென்சில் வழுக்கியது, கோடு வெளிறி விழுந்தது. வெள்ளை பெயின்ட் மேல் வேலை செய்யவே முடியாது என்றில்லை, ஆனால் அதன் மேல் போடும் வாட்டர்கலர், மை, சாக் எதுவும் பிடிக்காமல் திரண்டு நிற்கும். பெயின்ட், மை, பேஸ்ட் எல்லாம் கலந்து செய்யும் மிக்ஸட் மீடியாவில் அதுதானே பாதி வேலை!

வார்னிஷ் டப்பாவும் சந்தேகத்துக்குரியதுதான். பழைய கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பூசி, நான்கு நாள் விட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். பால்போல் வெளுத்து, விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று கையில் வந்தால் அது தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. படம் ஒட்ட அது போதும்; மேல்பூச்சாக விட்டால் ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டே இருக்கும், தூசியைப் பிடித்து வைக்கும்.

லேசரில் வெட்டிய கட்அவுட்டுக்குத் தனி உபத்திரவம் உண்டு. விளிம்பு பழுப்பாக இருப்பது தவறல்ல, லேசர் எரித்துத்தான் வெட்டுகிறது. ஆனால் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துப் பார்த்து, கறை தாராளமாக வந்தால், ஜெஸ்ஸோவின் ஈரத்தில் அந்தக் கறை மேலேறி வெள்ளையில் மஞ்சள் கோடாகத் தெரியும். எத்தனை கோட் அடித்தாலும் திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கும். உலர்ந்த துணியால் துடைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மேட் மீடியம் (மினுமினுப்பில்லாத, நிறமற்ற அக்ரிலிக் பூச்சு) அல்லது ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கோட் விளிம்புக்கு மட்டும் கொடுத்துக் காயவிட்ட பிறகே வெள்ளை. முகப்பிலேயே புகைக்கறை படிந்திருந்தால் வெட்டும்போது மறைப்புத்தாள் ஒட்டவில்லை என்று அர்த்தம். அதை ‘விண்டேஜ் லுக்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பெயின்ட் அடித்தே வரும் கட்அவுட் வாங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள். நடுவில் தாள் வைக்காமல் முகத்தோடு முகம் அடுக்கி அனுப்புகிறார்கள். அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகப் பல நாள் ஆகும். அதற்குள் பாரமும் வெயிலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்கும்போது தோல் உரியும். அப்படி ஒட்டி வந்த கட்டைப் பிய்க்காதீர்கள். ஒட்டியபடியே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு படம் கேட்டால் போதும்: கட்அவுட்டின் விளிம்பு, பக்கத்தில் ஸ்கேல். தடிமன், அடுக்கு, கறை மூன்றும் அதில் தெரிந்துவிடும். “எல்லா விவரமும் லிங்கில் இருக்கு” என்று தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள். கழிவுத் துண்டு சேராமல் எத்தனை பீஸ், மிகப் பெரிய பீஸ் எத்தனை செ.மீ. என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மிக ஒல்லியான தண்டோ எழுத்துக் காலோ அட்டையின் தடிமனைவிடக் குறுகலாக இருந்தால், தாளிலிருந்து பிரிக்கும்போதே உடையும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அளவும் எடையும் பார்க்கும்வரை கட்அவுட்களைத் தாளிலிருந்து கழற்ற வேண்டாம், ஒரு சொட்டுப் பெயின்ட்கூடப் பட வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அட்டையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தளம் மெல்லியதாக இருந்தால் அதே அளவில் இன்னொன்றை வெட்டி, தண்ணீர் கலக்காத வெள்ளைப் பசையைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் மெல்லியதாக இழுத்து, விளிம்புவரை படும்படி ஒட்டி, ஓர் இரவு பாரத்தின் கீழ் விடுங்கள். பிரிந்த விளிம்புக்கு அதே பசையை ஊசி முனையில் எடுத்து உள்ளே செலுத்தி, கிளிப் போட்டு இறுக்கலாம். முழுக்கக் காய்ந்ததும் இரண்டு பக்கமும் விளிம்பும் மேட் மீடியத்தால் மூடிவிட்டு ஜெஸ்ஸோவுக்குப் போங்கள். டெக்ஸ்சர் பேஸ்ட்டை ஸ்டென்சில் வழியாக 1 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள்; காய ஹீட் கன் காட்டாமல் தானாகக் காயவிடுங்கள், சூடு பட்டால் பேஸ்ட் கொப்பளிக்கும், ஒட்டிய அடுக்கும் மறுபடி தளரும்.