மருந்து ஆசிரியரிடமா, பிள்ளையின் பையிலா?

பள்ளி நேரத்தில் மருந்து தேவைப்பட்டால் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம், அல்லது பிள்ளையின் பையிலேயே வைக்கலாம். ஒப்படைப்பதென்றால் சம்மதத்தை எழுதிக் கொடுங்கள். பெயர், அளவு, காலாவதித் தேதி தெரியும் அசல் டப்பாவோடு கொடுங்கள். பொட்டலம் கட்டி அனுப்பினால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? வலிப்பு மாத்திரை போன்றவற்றை ஆசிரியரிடம் ஒப்படைப்பதே சரி, பையிலிருந்து இன்னொரு பிள்ளை எடுத்து விழுங்கிவிட்டால் ஆபத்து.

ஆஸ்துமா இன்ஹேலர் அப்படியல்ல. மூச்சுத் திணறும்போது பூட்டிய அலமாரிக்குச் சாவி தேட நேரமிருக்காது. பயன்படுத்தத் தெரிந்த பிள்ளையென்றால் கையிலேயே இருக்கட்டும், பள்ளிக்கும் சொல்லிவிடுங்கள்.

எந்த வழியானாலும் பெற்றோரின் பொறுப்பு கைமாறுவதில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு, வளர்ப்பின் முதன்மைப் பொறுப்பைப் பெற்றோரிடமே வைக்கிறது. மருத்துவர் அளவை மாற்றினால் அன்றே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.